மச்சான் பிடிக்கும் கயிறு

மலைகள் எரிந்தபோது ஆளுக்கொரு மலையிலிருந்து தப்பி வந்தவர்கள் மருதி, கெம்பன், சடையன். இப்போது மூவரும் ஆளில்லாத நாற்பது மாடிக் கட்டடத்தின் உச்சியில் நின்றார்கள். கீழே சுவரில் மலைத்தேனடை தொங்கியது. தேன் எடுத்துக் கொடுத்தால் மூவருக்கும் ஒரே முகாமில் இடம்.

கூட வந்த முகாம் அதிகாரியின் ரத்தம் பார்க்கும் கருவி மூவர் விரலையும் தொட்டு, "உறவில்லை" என்று சிவந்தது.

"தேனெடுக்க இறங்குறவனுக்கு ரத்த உறவுதான் கயிறு பிடிக்கணும். சட்டம். ஆளுக்கொரு முகாமுக்குக் கிளம்புங்க."

கெம்பன் சிரித்தான். "கூடப்பொறந்தவனே இருந்தாலும் அவன் கையில கயிறு குடுக்க மாட்டோம் சார். மச்சான்தான் பிடிப்பான். தங்கச்சி தாலியறுக்க அவனுக்கு மனசு வராது."

"உனக்குப் பொண்டாட்டியே இல்ல. மச்சானுக்கு எங்க போவ?"

மருதிக்குப் பொறுக்கவில்லை. கெம்பனின் கையைப் பிடித்தாள்.

"நான் எதுக்கு இருக்கேன்? இவரு என் புருஷன். அந்தா நிக்கிறாரே, அவரு என் அண்ணன். போதுமா?"

சடையன் கயிற்றை இடுப்பில் சுற்றிக் காலை ஊன்றினான். அதிகாரி வாய் திறப்பதற்குள் கெம்பன் விளிம்பைத் தாண்டியிருந்தான். கருவி இன்னும் சிவப்பாகவே மின்னியது.

"மச்சான், இன்னும் கொஞ்சம் விடு!" என்று கீழேயிருந்து குரல் வந்தது.

அண்ணனாகப் பிறந்து ஐந்து நிமிடம்கூட ஆகாத சடையன், தங்கையை ஒருமுறை பார்த்துவிட்டு, ஒரு முழம் மட்டும் விட்டான்.