பதினேழாம் எண் வண்டி

பல் மருத்துவருக்கு வாரத்தில் ஆறு நாள் அடுத்தவர் வாய். ஏழாவது நாள், அறுபது வருடப் பழைய மோட்டார் சைக்கிள். பந்தயத் தடத்தில் ஒரு சுற்றை இரண்டு நிமிடத்துக்குள் முடிக்க அவரால் இதுவரை முடிந்ததில்லை. இன்றும் முடியாவிட்டால் வண்டியை விற்றுவிடுவதாக மனைவிக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

பந்தயம் எட்டுச் சுற்று. ஐந்தாவதில், தூரத்து வளைவில், செயின் அறுந்தது. வண்டியைப் புல்லில் சாய்த்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். மற்ற பதினொரு வண்டிகள் அவரை மூன்று முறை கடந்தன. வேறு வேலை இல்லாததால் ஒவ்வொரு முறையும் எண்ணினார். பதினொன்றுதான். எல்லாம் முடிந்தபின் லாரி வந்து அவரையும் வண்டியையும் ஏற்றிவந்தது.

மனைவி முடிவுக்கோட்டுச் சுவரோரம் ஸ்டாப்வாட்சும் நோட்டுமாக நின்றிருந்தாள். சுற்றுக்கு ஒரு வரி எழுதுவது அவள் வழக்கம். நோட்டில் எட்டு வரிகள் இருந்தன. கடைசி மூன்றும் இரண்டு நிமிடத்துக்குள்.

“வேற யாரையோ பாத்திருப்ப.”

“பதினேழாம் நம்பர் எனக்குத் தெரியாதா? கடைசி சுத்துல வலது கைய வேற ஆட்டுனீங்க. ஆக்ஸிலேட்டர் பிடிக்கிற கைய யாராவது எடுப்பாங்களா? செயின் அதுக்கப்புறம்தான் அறுந்துச்சா?”

உண்மை அவர் நாக்கு நுனிவரை வந்தது. அவள் முகம் அவ்வளவு மலர்ந்திருந்தது.

“ஆமா, அப்புறம்தான்.”

“சரி, விக்க வேணாம்.”

மற்ற வண்டிகள் எல்லாம் போனபின் ஊழியர்கள் தடத்தின் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தார்கள். தூரத்து வளைவில் ஓர் இன்ஜின் கியர் மாறும் சத்தம் கேட்டது. பேச்சை நிறுத்தாமலே, பழக்கதோஷத்தில், மனைவி ஸ்டாப்வாட்சைக் கையில் எடுத்தாள்.