துண்டுக்கு அடியில் ஒரு பாட்டில்

"இன்னும் மூச்சு இருக்கு. அடங்கற வரைக்கும் கையை எடுக்கக் கூடாது" என்று சொல்லிச் சிரித்தாள் ரோவினா. இரண்டு கைகளாலும் அவள் தண்ணீருக்குள் அமுக்கிப் பிடித்திருந்த இடத்தில் குமிழி குமிழியாக வந்துகொண்டிருந்தது.

அவள் அமுக்கியது நீச்சல் குளத்தின் அழுக்கை உறிஞ்சும் மெஷினின் குழாயைத்தான். உள்ளே காற்று இருந்தால் அது உறிஞ்சாது. ஆனாலும் அந்தப் பேச்சு கிளெண்டாவுக்குப் பிடிக்கவில்லை.

தம்பி மார்ட்டி இவளை இரண்டாந்தாரமாகக் கட்டி ஆறு மாதம்கூட ஆகவில்லை. மூத்தவளின் குழந்தை டெஸ்ஸியை நினைத்துத்தான், கிளெண்டா லீவு போட்டுவிட்டு பெர்த்திலிருந்து சிட்னிக்கு வந்திருந்தாள். வந்ததிலிருந்து குழந்தையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

போன கோடையில் டெஸ்ஸியை ஒரு கறுப்புச் சிலந்தி கடித்துவிட்டது. குழந்தை பிழைத்ததே பெரும்பாடு. அந்தச் சனியன் பெர்த் பக்கம் கிடையாது; இங்கே மழை பெய்தால் போதும், தோட்டமெல்லாம் அதுதான்.

"நேத்து மழையில எவ்வளவு குப்பை பாருங்க! மொதல்ல வலையால அள்ளினாத்தான் குழாய் அடைச்சுக்காது" என்றாள் ரோவினா. நீளக் கம்பு போட்ட வலை அவள் பக்கத்தில் ஈரம் சொட்டக் கிடந்தது.

"ரோ! நீச்சல் டிரஸ் மாட்டி விடு!" வீட்டுக்குள்ளிருந்து டெஸ்ஸி கத்தினாள்.

"வரேன்டி என் ராசாத்தி!" ரோவினா ஓடினாள்.

நாற்காலியில் டெஸ்ஸியின் மஞ்சள் துண்டு சுருண்டு கிடந்தது. உதறி மடிக்கலாமே என்று கிளெண்டா எடுத்தாள். அடியில் ஒரு ஜாம் பாட்டில் இருந்தது.

மூடியில் காற்றுக்கு ஓட்டைகள், உள்ளே கொஞ்சம் ஈரமண். மண்ணின் மேல் கறுப்புச் சிலந்தி முன்னங்கால்களைத் தூக்கிக்கொண்டு நின்றது.

'அடிப் பாதகத்தி! குழந்தை துடைச்சுக்கற துண்டுலயா?'

காலால் நசுக்கத் தைரியம் வரவில்லை. மூடியைத் திருகி, பாட்டிலைக் குளத்தின் மேல் தலைகீழாகக் கவிழ்த்தாள். சிலந்தி மெல்ல முழுகி, ஆழத்துக்குப் போய், அசையாமல் கிடந்தது.

"ஒழிஞ்சது பீடை" என்று பெருமூச்சு விட்டாள்.

ரோவினா திரும்பி வந்து துண்டைத் தூக்கிப் பார்த்தாள். "இங்க ஒரு பாட்டில் வெச்சிருந்தேனே?"

"நீ எதுக்கு வெச்சேன்னு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? மார்ட்டி வரட்டும், சொல்றேன்!"

"அதுக்கு வெயில் ஆகாது, அதான் மூடி வெச்சேன்." ரோவினாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "சாயங்காலம் ஆஸ்பத்திரியில குடுக்கணும் கிளெண்டா. உயிரோட பிடிச்சுக் குடுத்தா வாங்கிப்பாங்க. அதோட விஷத்துலேந்துதான் கடிக்கு மருந்து எடுக்கறாங்க. டெஸ்ஸி பிழைச்சது அந்த மருந்துலதான்."

கிளெண்டா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ரோவினா... என்னை மன்னிச்சிடும்மா. உன்னைப் போய்த் தப்பா..."

"அது இருக்கட்டும். பாட்டில் எங்க?"

"மெஷின் போடறதுக்குள்ள ஒரே ஒரு முங்கு!" டெஸ்ஸி இருவருக்கும் நடுவே புகுந்து ஓடினாள். தொபீரென்று தண்ணீர் தெறித்தது.

"நான் அதைக் கொன்னுட்டேம்மா. குளத்துல போட்டு முழுகடிச்சுட்டேன்."

ரோவினா செருப்பைக்கூடக் கழற்றாமல் குளத்தை நோக்கி ஓடினாள்.

"அதை நான் உயிரோட எடுத்ததே குளத்தோட அடியிலேந்துதான்!"