தொண்ணூற்று நான்கு

மூளைக்குப் போகும் ரத்தம் அடைபடப்போவதை முன்கூட்டியே காட்டும் பரிசோதனை அந்த ஆய்வகத்தில் நடந்துவந்தது. எண் ஐம்பதைத் தாண்டினால் அன்றைக்கே ஆளைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். அதுதான் அவளுடைய வேலை. ஒரு வெள்ளிக்கிழமை அவளுடைய அண்ணனின் ரத்தம் தொண்ணூற்று நான்கு காட்டியது. இருவருக்கும் ஒரு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. நானா முதலில் பேசுவது என்று தாளைக் கவிழ்த்து வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை அண்ணனுக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் பேச்சும் போயின.

அவள் பார்க்கப் போகவில்லை. எந்த முகத்தோடு போவாள்?

அதன்பிறகு திங்கள்தோறும் காலையில் அண்ணனின் பெயரோடு ரத்தம் நிரம்பிய ஒரு சோதனைக்குழாய் அவள் மேஜைக்கு வந்தது. யார் எடுத்ததென்று பதிவில் இல்லை. தொட்டால் வெதுவெதுப்பாக இருந்தது. ஒவ்வொரு முறையும் அதே தொண்ணூற்று நான்கு. யாரிடமும் மூச்சுவிடாமல் குப்பையில் போட்டாள்.

ஆறாவது திங்கள் மதியம், தாங்க மாட்டாமல் அண்ணன் வீட்டுக்குப் போனாள்.

"என்னம்மா, எதையாவது மறந்துட்டுப் போயிட்டியா?" என்றாள் கதவைத் திறந்த அண்ணி.

"நான் எப்ப அண்ணி வந்தேன்?"

"காலைலதானே ரத்தம் எடுத்துட்டுப் போன. வாராவாரம் அவர் கையைப் புடிச்சுக்கிட்டு அழுறியே, அதுதாம்மா அவருக்குப் பெரிய ஆறுதல். உனக்குத்தான் எவ்வளவு பாசம்!"

அவள் உள்ளே போய், கட்டிலருகே நின்று, உண்மையைச் சொல்ல வாயெடுத்தாள். ஒரு வார்த்தை வருவதற்குள் அண்ணன், தெரியும் என்பதுபோலத் தலையாட்டினான். பிறகு, ஈரம் காயாத பஞ்சு ஒட்டியிருந்த வலது கையை இடது கையால் தூக்கி, அவளிடம் நீட்டினான்.