வழியில் நின்ற ஆள்

ஒரு வீட்டின் தானியங்கிக் கேட் மூன்று நாளாக மூடவில்லை. அதை இழுக்கும் மோட்டார் பழையது, ஆனாலும் பலசாலி. தூணில் இருந்த சின்னக் கண்ணாடிக் கண்ணுக்கு ஒரே வேலை. வழியில் யாராவது நின்றால் அது சொல்ல வேண்டும். சொன்னால் மோட்டார் இழுக்காது.

மூன்றாம் நாள் காலை மோட்டார் பதினேழாவது முறையாகப் புறப்பட்டது.

"நில், யாரோ நிற்கிறார்" என்றது கண்.

"மூன்று நாளாக ஒரே ஆளா, தம்பி? அவருக்குச் சோறு தண்ணீர் வேண்டாமா?"

"அது எனக்கெதற்கு, அண்ணே? எதிரே இருட்டாக இருக்கிறது. இருட்டென்றால் ஆள்."

"ஒருதரம் நன்றாகப் பாரேன். இன்றைக்கு மெக்கானிக் வருகிறார். பழி என் மேல்தான் விழும்."

"பார்க்காமலா சொல்கிறேன்?" கண்ணுக்குக் கோபம் வந்துவிட்டது.

மெக்கானிக் பால்வண்ணன் வந்தார். மோட்டாருக்கு வயதாகிவிட்டது என்றார். நான்கு போல்ட்டுகளைக் கழற்றி, அதைத் தெருவில் நின்ற, பழைய இரும்பு வாங்குபவரின் வண்டியில் ஏற்றினார். புது மோட்டாரை மாட்டிப் பொத்தானை அழுத்தினார்.

"நில், யாரோ நிற்கிறார்" என்றது கண்.

புது மோட்டார் நின்றது. பால்வண்ணன் திகைத்துப்போனார். பிறகுதான் தூணருகே குனிந்து, கண்ணைக் கட்டைவிரலால் துடைத்தார். விரலோடு ஒரு சிலந்திவலை வந்தது.

கண்ணுக்கு வெளிச்சம் வந்தது. வழியில் ஒருவரும் இல்லை. ஒரு காலடித் தடம்கூட இல்லை.

"மூடலாமா, ஐயா?" என்று புது மோட்டார் பணிவாகக் கேட்டது.

தெருவில் வண்டி நகரத் தொடங்கியிருந்தது. அதில் பழைய மோட்டார் மல்லாந்து கிடந்தது.

"வழியில் யாரும் இல்லை" என்றது கண்.

கேட் மூடிக்கொண்டது.