படத்தில் ஏறிய நொடிகள்

டேட்டாபேஸில் தகவலைத் தேடி எடுக்கும் ஒரு குவெரி மெதுவாக ஓடினால் காரணத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்று சொல்லும் வழிகாட்டியைத் திருத்தி எழுதுவது அவள் வேலை. ஓடிக்கொண்டிருந்த ஒரு குவெரியைத் திரையில் படமெடுத்து அதில் சேர்த்திருந்தாள். படத்தில் அது ஓடிய நேரம் நாற்பது நொடி என்றிருந்தது. விளக்கத்திலும் அப்படியே எழுதினாள். மேலாளர் திறந்து பார்த்தபோது படத்தில் நாற்பத்தாறு இருந்தது.

"ஒரு நம்பரைக்கூட ஒழுங்கா பார்த்து எழுத மாட்டியாம்மா?" என்றார்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திருத்தினாள். மறுநாள் எண் இன்னும் ஏறியிருந்தது. புதுப் படம் சேர்த்தாள், அதுவும் ஏறியது. யாரோ வேண்டுமென்றே மாற்றுகிறார்கள் என்று அவரிடம் முறையிட்டாள்.

"உன் தப்பை அடுத்தவங்க தலையில கட்டாதே."

பொறுத்தது போதுமென்று அந்தப் பக்கத்தை அச்செடுத்து அவர் மேசைமேல் அடித்து வைத்தாள். "பேப்பர்ல யாரும் மாத்த முடியாதுல்ல? நீங்களே படிங்க, சார்!"

அவர் சலிப்போடு தாளைக் கையிலெடுத்து, படத்திலிருந்த எண்ணை வாய்விட்டுப் படித்தார். தாளிலேயே எண் ஒன்று கூடியது; சற்றுத் தயங்கி அதையும் படித்தார். பிறகு அதற்கடுத்ததை. தாளிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை.

"நிறுத்தாதீங்க, சார்," என்றாள். "எல்லாருக்கும் கேக்கட்டும்."