அலமாரித் தீர்மானம்

கூட்டரசை ஆளும் கட்சியில், தலைமை ஒரே மாநிலத்தின் கையில் தங்கிவிடக் கூடாது என்று முதலில் வருடத்துக்கு ஒரு பொதுச்செயலாளரை வைத்துப் பார்த்தார்கள். பிறகு மாதத்துக்கு ஒருவர். இப்போது தினம் ஒருவர். சாதாரண உறுப்பினருக்கும் முறை வந்துவிடும்.

திருவொற்றியூர் கட்சி அலுவலகத்தில் அன்றன்றைக்குப் பொதுச்செயலாளர் ஆகும் தலைவரின் படத்தை மாட்டுவது தணிகாசலத்தின் வேலை. அன்று காலை வந்த படத்தைப் பிரித்தவன், சுத்தியலும் கையுமாகச் சிலையாகி நின்றான். மூக்குத்தி மின்னச் சிரித்துக்கொண்டிருந்தாள் அவன் மனைவி புஷ்பவல்லி.

உடனே போன் போட்டான். "ஏன் புஷ்பா, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"நான் சொல்றதை நீ என்னிக்குக் காதுல வாங்கினே? கண்ட தலைவருக்கெல்லாம் ஆணி அடிக்கிறே. சமையக்கட்டுல ஒரு அலமாரி மாட்ட உனக்குக் கை வரல!"

மதியத்துக்குள் தீர்மானம் வந்துவிட்டது: கூட்டரசின் கணவன்மார் அனைவரும், மனைவி கேட்ட அலமாரியை மாட்டியே தீர வேண்டும். பொலிட்பீரோ ஒருமனதாகக் கை தூக்கியது. தூக்காமல் இருந்து அதற்குப் பழக்கமில்லை.

தணிகாசலம் வீட்டுப் பக்கமே போகவில்லை. மறுநாள் புதுத் தலைவரின் படத்தை மாட்டிவிட்டுத்தான் தெம்பாக வீடு திரும்பினான்.

"உன் பதவியும் போச்சு, தீர்மானமும் போச்சு!"

"பதவிதான் போச்சு. தீர்மானத்தை ரத்து பண்ணணும்னா பொலிட்பீரோ கூடணும்."

"கூடட்டுமே!"

"எங்கேருந்து கூடும்? அத்தனை பேரும் அவங்கவங்க வீட்டுல ஸ்டூல் மேல நிக்கிறாங்க," என்று புஷ்பவல்லி ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.