மூன்றாம் முறையும் இல்லை

“உங்கள் பெயர் இல்லை” என்றாள் கல்லூரி அலுவலகப் பெண், திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே.

கமலேஸ்வரி, கூட வந்த மகள் சாருகாவைத் திரும்பிப் பார்த்தார். தாதி உதவியாளர் படிப்பின் இறுதித் தேர்வுப் பட்டியலில் அவருடைய பெயர் விடுபடுவது இது மூன்றாம் முறை. இந்தத் தேர்வையும் தவறவிட்டால் நாலு வருடம் படித்த பாடங்கள் செல்லாது. ஐம்பத்தொரு வயதில் மறுபடி முதலிலிருந்து தொடங்க முடியாது. சான்றிதழ் கிடைத்தால், நோர்வேயில் அவர்கள் வசிக்கும் ஹொல்ம்லியாவில் வீட்டுக்குப் பக்கத்து முதியோர் இல்லத்திலேயே நிரந்தர வேலை காத்திருந்தது.

“பாத்தியே சாருகா? எங்கடை வகுப்பிலை சேர்ந்தது இருபத்தாறு பேர். சோமாலியா, எரித்திரியா, நாங்கள். முடிச்சது ஆறே ஆறு பேர். ஒரு வெள்ளைக்காரியின்ரை பெயர் இப்பிடித் துலைஞ்சிருக்கே?”

“மெதுவாக் கதையுங்கோ அம்மா. ஆக்கள் பாக்கினம்.”

“பாக்கட்டும்! கறுத்த ஆக்களை உள்ளுக்கு விடுவினம், பாடமும் படிப்பிப்பினம். முடிச்சு வெளியிலை போகத்தான் விடமாட்டினம்.”

சாருகா தாயின் கையைப் பிடித்து வாசல் பக்கம் இழுத்தாள். கடையில் வாங்கிய பொருள் ஒரு நாள் பிந்தினாலே தொலைபேசி எடுத்துச் சண்டை பிடிப்பவள் அவள். வங்கி, வைத்தியர், கல்லூரி என்று தாய்க்கு வரும் கடிதம் எல்லாவற்றையும் பார்ப்பதும் அவள்தான். முதல் இரண்டு முறையும் “கொம்பியூட்டர் பிழையாம்” என்று ஆறுதல் சொன்னாள். இந்த முறை கமலேஸ்வரி தானே நேரில் போகிறேன் என்று கிளம்ப, வேலைக்கு லீவு போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

“நீ கேளன் பிள்ளை! என்னைவிட நோர்ஸ்க் பாஷை வடிவாக் கதைப்பாய்தானே. வாயிலை கொழுக்கட்டையே?”

“விடுங்கோ அம்மா. வீட்டை போவம். பிறகு எழுதிக் கேப்பம்.”

“எத்தினை பிறகு?”

கமலேஸ்வரி மேசையில் ஓங்கித் தட்டினார். தனக்குத் தெரிந்த நோர்வேஜிய மொழியில், ஒவ்வொரு சொல்லாக எடுத்துவைத்துக் கேட்டார்: “என் பெயரை யார் எடுத்தது? சொல்லும்வரை நான் போகமாட்டேன்.”

அலுவலகப் பெண் முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தாள். “நாங்கள் எடுக்கவில்லையே. தேர்வு வேண்டாமென்று ஒவ்வொரு முறையும் நீங்கள்தானே எழுதினீர்கள்?”

திரையைத் திருப்பிக் காட்டினாள். மூன்று மின்னஞ்சல்கள். ‘குடும்பக் காரணத்தால் விலகுகிறேன்’ என்று மூன்றிலும் எழுதி, கீழே கமலேஸ்வரியின் பெயர் போட்டிருந்தது. அனுப்பிய முகவரி மட்டும் அவருடையதல்ல. சாருகாவுடையது.

கமலேஸ்வரி இரண்டு தரம் வாசித்தார். பிறகு மெல்லத் திரும்பினார்.

“பிள்ளை... நீயோ?”

சாருகா நிலத்தைப் பார்த்தாள்.

“நீங்கள் வேலைக்குப் போனால், நாலரைக்கு என்ரை பிள்ளையை நேர்சரியிலை ஆர் அம்மா எடுக்கிறது?”